சொல்லிட்டு எறங்கு

வெயிலில் நின்ற வேனின் ரெக்சின் சீட்டுக்கு ஒரு வாடை உண்டு. சூடேறிய ரப்பரும், யாரோ சிந்திய புளிச்சோறும், டீசலும் கலந்த வாடை. ஆறாம் வகுப்பில் மாலையில் பள்ளி விட்டு அந்த வாடைக்குள் ஏறும்போதே என் கண் கதவுக்குப் போய்விடும். வீட்டுக்குப் போகிறோம் என்ற சந்தோஷம் மற்றப் பிள்ளைகளுக்கு இருந்திருக்கும். எனக்கோ வீடு என்பது வேன் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது, கதவு கவிதாவின் கையில் இருந்தது.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், ஆலங்குடியிலிருந்து வரும் வழியில் இருக்கிறது. மாமரமும் பலாவும் நிற்கும் தோட்டத்தின் ஒரு பகுதியில் நாங்கள் பூ போட்டிருந்தோம். மல்லிகையும் கனகாம்பரமும் கொஞ்சம், சம்பங்கியும், "செண்டி" என்று நாங்கள் சொல்லும் செண்டுமல்லியும் நிறைய. அம்மாவும் அப்பாவும் விடியுமுன்னே பறித்து, ஈரச் சாக்கில் கட்டி, சந்தைக்கு அனுப்புவார்கள். பூ இல்லாத மூலை எங்கள் வீட்டில் கிடையாது. கட்டிலுக்கு அடியிலும் சம்பங்கி இருக்கும். அந்த வாசனை என் பாவாடையிலும் சட்டையிலும் தலைமுடியிலும் ஏறியிருந்தது என்பதை, ஆலங்குடியில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்து வேனில் ஏற்றிவிடும் வரை நான் அறிந்ததில்லை.

அதை எனக்கு அறிவித்தவள் கவிதா. என் அப்பாவின் அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு. அவர்கள் ஊர் எங்கள் ஊரைத் தாண்டி இருந்ததால் காலையில் முதலில் ஏறி மாலையில் கடைசியாக இறங்குகிறவள் அவள்தான். பெரியவள் என்பதால் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவின் பொறுப்பு அவளுடையது. நான் ஏறிய முதல் வாரத்திலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சம்பங்கியும் செண்டியும் சேர்ந்து வருது, எங்கேயோ சாவு போலருக்கு" என்றாள். வேன் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் "பொணமாலை".

பெயர் மட்டும் என்றால் பழகியிருப்பேனோ என்னவோ. பின்வரிசையில், கண்ணாடி திறக்காத ஜன்னலோரத்தில் என்னை உட்கார வைத்து, எல்லாருடைய பைகளையும் என் மடிமேல் அடுக்குவாள். முழங்கையை அசைக்க இடமிருக்காது. எங்கள் ஊர் வந்ததும் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எனக்கு முன்னால் கதவுக்குப் போய் நின்றுகொள்வாள். கொண்டியில் கை இருக்கும்.

"சொல்லிட்டு எறங்கு."

நான் யாரென்று சொல்ல வேண்டும். "நான் பொணமாலை" என்று, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி. முதல் தடவை சத்தம் போதாது என்பாள். டிரைவர் முருகேசண்ணன் முன்னால் பாட்டைக் கேட்டபடி, "என்னப்பா அங்கிட்டு, ரைட்டா?" என்பார். நான் சொல்வேன். கதவு திறக்கும். சிரிப்பின் நடுவே இறங்கி, வேன் தூசி அடங்கும் வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போவேன். மற்றவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று பிறகு யோசித்திருக்கிறேன். ராஜி என்று ஒருத்தி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். எனக்கு முன்னால் பட்டப்பெயரோடு அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அம்மாவிடம் ஒருநாள், கவிதா மதினி வேனில் கேலி செய்கிறாள் என்றேன். பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா சிரித்தாள்.

"மதினி மொறைன்னா நாலு வார்த்தை கேலி பேசத்தான் செய்வா. நீயும் பதிலுக்குப் பேசு. பேசாம இருந்தா ஊமைக்கொட்டான்னு நெனச்சுருவாக."

முறை என்ற அந்தச் சொல்லோடு வழி அடைபட்டது. கவிதாவுக்கு என்னைக் கேலி செய்ய உரிமை இருந்தது. என்ன சொல்லிக் கேலி செய்கிறாள் என்பதை அம்மாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தச் சொல் என்மேல் விழுந்தாலும் அது அம்மாவின் கையைப் பற்றியது. நாரும் பூவுமாக இருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

அரையாண்டு விடுமுறையில் அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். குவைத்திலிருந்து மாமா விடுப்பில் வந்திருந்தார். கவிதாவின் அப்பா. வாட்டசாட்டமான ஆள், எப்போதும் சிரித்த முகம். கூடத்தில் வரிசையாக இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தபோது, மாமா ஒரு சாக்லேட் டப்பாவைக் கவிதாவிடம் நீட்டி, அதன்மேல் இருந்த இங்கிலீஷை வாசிக்கச் சொன்னார். அவள் திணறினாள். "இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைக்கிறேன், பாத்துக்கங்க" என்று சபையைப் பார்த்துச் சிரித்தார். சபையும் சிரித்தது. அவள் இலையில் சோறு போட வந்த அத்தையைக் கைகாட்டி நிறுத்தினார்.

"நான் மக்குன்னு சொல்லு. சொல்லிட்டுச் சாப்புடு."

கவிதா சொன்னாள். சத்தம் போதாது என்றார். மறுபடியும் சொன்னாள், சிரித்துக்கொண்டே. அவள் முகம் சிரித்தது, மடக்கி உட்கார்ந்திருந்த காலின் விரல்கள் தரையை அழுத்தி வெளுத்திருந்தன. எதிர்வரிசையில் இருந்த நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

காரணம் தெரிந்துவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. பள்ளி திறந்ததும் அவள் இன்னும் மோசமானாள். சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு வாந்தி வருவதுபோல நடிப்பாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லச் சொல்வாள். அவள் சோற்றுக்கு முன்னால் குறுகி உட்கார்ந்ததைப் பார்த்த கண் அந்த வேனில் என்னுடையது மட்டும்தான். அந்தக் கண்ணைத் தரையைப் பார்க்க வைக்கத்தான் அத்தனை பாடுபட்டாளோ என்று இன்று தோன்றுகிறது. அன்று எனக்குத் தோன்றியது வேறு. இனி இவளைப் பற்றி யாரிடமும் சொல்லவே முடியாது, இவள் பாவம் என்ற எண்ணம் வேறு வந்து சேர்ந்துவிட்டது என்பதுதான்.

ஒரு மழை நாள். எங்கள் ஊர் வந்தது. கவிதா கொண்டியில் கை வைத்து நின்றாள். அன்று நான் சொல்லவில்லை. அதை வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சொல்ல வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. "சொல்லுடி" என்றாள். மழைச் சத்தம். முன்னாலிருந்து முருகேசண்ணன், "எறங்கியாச்சா?" என்றார். அவள் என்னையே பார்த்துக்கொண்டு, "ரைட்டுண்ணே" என்றாள்.

வேன் நகர்ந்தது. எங்கள் தோட்டத்து வேலி ஜன்னலில் வந்து போனது. ஒவ்வொரு ஊராகப் பிள்ளைகள் இறங்க, கடைசியில் நாங்கள் இருவர்தான். அப்போதுதான் கவிதாவுக்குத் தான் செய்தது உறைத்தது. அவளுடைய வீட்டு வாசலில், குடை பிடித்துக்கொண்டு மாமா நின்றிருந்தார். அவள் என் கையைப் பிடித்தாள். 

"அப்பாட்ட சொல்லிறாதடி. ஒன்னக் கும்புட்டுக் கேக்குறேன்."

நாங்கள் இறங்கினோம். "இவ எங்க இங்கிட்டு?" என்றார் மாமா.

"தூங்கிட்டேன் மாமா" என்றேன். அவளைக் காப்பாற்றச் சொன்னதல்ல. அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்லப் பயமாக இருந்தது.

மாமாவுக்கு அது வேடிக்கையாகப் போயிற்று. "தூங்குமூஞ்சி. சரி, நான் தூங்குமூஞ்சின்னு சத்தமாச் சொல்லு, பைக்குல கொண்டு போய் விடுறேன்."

நான் மழையில் நின்றேன். சொல் மறுபடியும் வரவில்லை. அப்போது பக்கத்தில் கவிதாவின் குரல் கேட்டது.

"அவள விடுங்கப்பா."

அவர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். சிரிப்பு மாறவில்லை. "அப்ப நீ சொல்லு."

"நான் தூங்குமூஞ்சி" என்றாள் கவிதா. சத்தம் போதாது என்று அவர் சொல்லும் முன்பே, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

மாமா என்னைக் கொண்டுவந்து விட்டபோது அம்மா ரோட்டுக்கே வந்து தேடிக்கொண்டிருந்தாள். என் தலையைத் துவட்டும்போது, இனி வேனில் போகமாட்டேன் என்று சொல்லி, அந்தப் பெயரையும் சொல்லிவிட்டேன். துவட்டிய கை நின்றது. அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று பயந்தேன்.

"வாடை அடிக்கும்னுதான் ஒன் சட்டைய மட்டும் தனியாத் தகரப்பெட்டிக்குள்ள வச்சேன்" என்றாள் அம்மா. "அதையும் மீறி அடிச்சுருக்கு."

மறுநாள் வேன் வந்ததும் முருகேசண்ணனிடம் போய், "எம்புள்ளைய ஒங்க பக்கத்துல ஒக்கார வச்சுக்கங்க. நீங்களே கதவத் தொறந்து எறக்கி விடுங்க" என்றாள். அவர் என் முகத்தையும் பின்வரிசையையும் பார்த்துவிட்டு, "சரிங்கக்கா" என்றார். அதன்பின் கவிதா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நல்லதோ கெட்டதோ. பெயர் எட்டாம் வகுப்பு வரை பின்னாலிருந்து அவ்வப்போது வந்துகொண்டிருந்தது, பெரும்பாலும் ராஜியின் குரலில்.

இப்போது அந்தச் சாலையில் மஞ்சள் பேருந்துகள் ஓடுகின்றன. கேமரா இருக்கிறது, பிள்ளைகளை இறக்கிவிட ஓர் அக்கா இருக்கிறார். பூத்தோட்டத்தில் தென்னை நிற்கிறது. அம்மா போன வருடம் தவறிவிட்டாள்.

சென்ற ஆவணியில் திருமயத்தில் ஒரு கல்யாணத்தில் கவிதாவைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பந்தியில் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அம்மா தவறியதை விசாரித்தாள். பேச்சு ஓய்ந்ததும் நானே கேட்டேன், "ஏன் மதினி அப்ப எங்கிட்ட அப்படி இருந்தீங்க?" மாமாவைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் என் மனதில் நான் எழுதி வைத்திருந்த பதில் அதுதான்.

அவள் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"காலையில ஒன்ன ஏத்திவிட்டுட்டு ஒங்கம்மா நிப்பாக. வேன் வளைவுல திரும்புற வரைக்கும் அசையாம நிப்பாக, ஈரச் சேலையோட. நான் பின்னாடி கண்ணாடில தெனமும் பாப்பேன். அதப் பாத்தா எனக்கு அப்புடி ஒரு எரிச்சல் வரும். ஏன்னு தெரியல."

 வேனில் ஏறிய கணத்திலிருந்து பின்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று. அம்மா நின்றதை நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.