கடலுக்கு நடுவே பஸ் கிடையாது

தாராபுரம் உடுமலை ரோட்டில் நின்று மோகன் பம்ப்ஸ் எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். மோட்டார்க்காரக்கா கடை எங்கே என்று கேட்டால் போகிற வண்டியை நிறுத்திக் கையைக் காட்டுவார்கள். அந்த அக்காதான் முத்தாத்தாள். வயது நாற்பத்தாறு. போர்டில் பெயர் இருக்கிற மோகன், அவள் கணவர் மோகன்குமார். போர்டில் இருப்பதோடு அவருடைய வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். பத்து மணிக்குக் கஞ்சி போட்ட சட்டையில் வந்து, முன்னால் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று கடையின் சார்பில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார். கடைக்கு ஒரு முகம் வேண்டுமல்லவா, அது அவர்தான்.

கடை தொடங்கியபோது, பெண் பெயரில் எழுதினால் பேங்க்கில் கடன் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். லைசென்ஸ், பம்ப் கம்பெனியோடு போட்ட டீலர் ஒப்பந்தம் எல்லாம் முத்தாத்தாள் பெயரில் எழுதப்பட்டன. சும்மா பேருக்குத்தான் என்று மோகன்குமார் அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவைத்தார். அவளும் பேருக்குத்தான் என்று நம்பிக்கொண்டு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பங்குனி வெயிலில், கன்னிவாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் மூன்றாவது முறையாக எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மோகன்குமார் பழனிக்குப் போயிருந்தார். முத்தாத்தாள் அந்த மனிதரை உட்காரவைத்து, போர்வெல் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எவ்வளவு நேரம் ஓடியதும் காற்று வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பன்னிரண்டாவது படித்தவள்தானே, கம்பெனிப் புத்தகத்தில் இருந்த அட்டவணையைப் புரட்டிப் பார்த்தாள். போரில் ஊறுகிற தண்ணீருக்கு அந்த மோட்டார் மிகப் பெரிசு, தண்ணீர் தீர்ந்தபிறகும் வெறுமனே ஓடி ஓடி எரிகிறது என்று கண்டுபிடித்துச் சின்ன மோட்டாராகக் கொடுத்தாள். அது ஓடியது. அந்த விவசாயி ஊரெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு அவள் சாப்பாடு கொண்டுபோகிறவளாக இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்குவதும், கேபிள் அளந்து வெட்டுவதும், வயற்காட்டில் நின்றுகொண்டு போனில் கத்துகிறவர்களுக்கு வழி சொல்வதும் அவளாயிற்று.

விற்பனையில் டார்கெட்டை எட்டிய டீலர்களை, பம்ப் செய்யும் கோயமுத்தூர்க் கம்பெனி வருஷா வருஷம் வெளிநாடு கூட்டிப்போகும். டீலருக்கு ஒரு சீட், கூட வரும் துணைக்கு ஒரு சீட். பாங்காக், துபாய், பாலி என்று மூன்று வருஷம் போய்விட்டு வந்தார் மோகன்குமார். டார்கெட்டை எட்டியது அவள், பாங்காக்கை எட்டியது அவர். துணைக்கு ஒருமுறை அவருடைய அக்கா புருஷன், ஒருமுறை சீட்டாட்டத் தோழர், ஒருமுறை அக்கா மகன் மனோஜ்குமார். நீயும் வந்துபோட்டா கடையை யார் பார்க்கிறது என்று அவளைக் கேட்பார். அதில் தப்புச் சொல்ல முடியாது. நியாயமான கேள்வி.

இந்த வருஷம் மாலத்தீவு. கடலுக்குள் கால் ஊன்றி, தண்ணீருக்கு மேலேயே கட்டிய வீட்டில் மூன்று நாள். மோகன்குமார் தானாகவே வந்து, நீயும் வா, இருபத்து நாலு வருஷத்தில் உன்னை எங்கேயும் கூட்டிப்போகவில்லை என்றார். முத்தாத்தாள் ஒரு நாள் சந்தேகப்பட்டாள். மறுநாள் சந்தோஷப்பட்டாள். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும் மகள் ஹர்ஷிணி, இரண்டு சுடிதாரும் அகலமான ஒரு தொப்பியும் வாங்கிக் கொடுத்தாள். கடை நாலு நாள் லீவு என்று அட்டையில் எழுதி ஷட்டரில் ஒட்டியபோது முத்தாத்தாளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

கொச்சியில் விமானம் ஏறி, மாலேயில் இறங்கி, படகில் முக்கால் மணி நேரம். கடலின் மேல் நீளமாகப் போகும் மரப்பாலம், அதன் இரண்டு பக்கமும் கூரை வேய்ந்த வீடுகள். இவர்களுடையது பதினேழாம் நம்பர். உள்ளே நடுக்கூடத்தில் தரை கண்ணாடி. கீழே மஞ்சள் வரி போட்ட மீன்கள் போய் வந்தன. அவள் அந்தக் கண்ணாடியில் கால் வைக்காமல் சுற்றிச் சுற்றியே நடந்தாள். படுக்கையின் மேல் துண்டை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க மனசில்லாமல் அப்படியே தூக்கி மேசையில் வைத்தாள். குளியலறையில் குழாயைத் திறந்ததும், எங்கேயோ ஒரு மோட்டார் ஓடுவதும் நிற்பதும் மறுபடி ஓடுவதுமாகச் சத்தம் கேட்டது. குழாய்க்குத் தண்ணீரை உந்தும் டேங்க்கில் காற்று குறைந்திருக்கிறது, இப்படியே விட்டால் இந்த மோட்டார் தாங்காது என்று வாயைத் திறந்து சொல்லவும் செய்தாள். வந்த இடத்திலுமா என்று மோகன்குமார் சிரித்தார். அன்றைக்கு அவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார். அவளை அம்மணி என்று கூப்பிட்டார். மகளுக்குக் காது குத்திய வருஷத்துக்குப் பிறகு அவர் அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை.

மறுநாள் காலை, வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்திருந்த பலகைத் தளத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நாலு காகிதங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மீன் பார்க்கப் படகில் போவதற்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், எல்லாத் தாளிலும் கீழே போட்டுவிடு அம்மணி என்றார். பேனாவையும் மூடியைத் திறந்தே கொடுத்தார்.

சரக்கு வரும்போது ஒரு சீட்டைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடாதவள் அவள். இருபத்து நாலு வருஷம் கூடவே இருந்த மனிதருக்கு அது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். கடல் காற்றில் புத்தி கொஞ்சம் இளகியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. முதல் தாள் படகுக்கு. இரண்டாவது மிதக்கும் ஜாக்கெட்டுக்கு. மூன்றாவது இதயக் கோளாறு, சர்க்கரை உண்டா என்று கேட்டது. நாலாவதன் தலையில் பம்ப் கம்பெனியின் முத்திரை இருந்தது. உடல்நிலை காரணமாக இனிமேல் கடையை நடத்த முடியாத நிலையில் இருப்பதால், டீலர் உரிமையை முழுச் சம்மதத்தோடு மனோஜ்குமார் பெயருக்கு மாற்றிக் கொடுக்கிறேன் என்று அதில் ஆங்கிலத்தில் அடித்திருந்தது. அந்த ஆங்கிலம் அவளுக்குத் தெரியும். வாரண்டிக் கடிதம் வாசித்து வாசித்துப் பழகிய ஆங்கிலம்.

அவளுக்கு உள்ளங்காலில் இருந்து உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. இது என்ன என்று கேட்டாள். மோகன்குமார் பதறவில்லை. மனோஜுக்குக் காங்கேயத்தில் பெண் பார்த்து முடிவாகியிருக்கிறது, பையன் பெயரில் சொந்தமாகக் கடை இருக்கிறதா என்று பெண் வீட்டில் கேட்கிறார்கள், அக்கா அழுகிறாள் என்று வரிசையாகச் சொன்னார். ஹர்ஷிணி எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண் என்றார். பெயரை மாற்றுவதென்றால் இப்போது பெயர் யாருடையதோ அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். அதற்காகத்தான் இந்த விமான சீட், இந்தச் சிரிப்பு, இந்த அம்மணி எல்லாம்.

"உன்னை யாரு போகச் சொன்னா? நீ எப்பவும் போலக் கடைக்கு வந்து வேலையைப் பாரு. வேண்டாங்கறதுக்கு யாரு இருக்கறாங்க?" என்றார் மோகன்குமார். பெரிய மனசோடு சொல்வதாகவே அவர் நினைத்தார். பதினோரு மணிக்கு ஹாலில் கூட்டம், எம்.டி. காத்திருப்பார், போட்டு எடுத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுச் சட்டையை நீவிக்கொண்டு கிளம்பிப் போனார். அவள் போட மாட்டாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

முத்தாத்தாள் பையை எடுத்து இரண்டு சுடிதாரையும் திணித்தாள். தொப்பியை மட்டும் நாற்காலியிலேயே விட்டுவிட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க மோகன்குமார் மேல் வந்த கோபத்தைவிட, கண்ணாடி முன்னால் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்ட தன் மேலேயே கோபம் வந்தது.

கோபம் வந்தால் அவள் பஸ் ஏறிவிடுவாள். கல்யாணமான நாளில் இருந்து மூன்று முறை ஏறியிருக்கிறாள். தாராபுரத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வெள்ளக்கோவில், அங்கே அண்ணன் காளிச்சாமி வீடு. இப்போதும் கால் தானாக அப்படித்தான் கிளம்பியது. பையைத் தூக்கிக்கொண்டு மரப்பாலத்தின் நீளம் முழுக்க விறுவிறுவென்று நடந்து, வரவேற்பு மேசையில் இருந்த பாலக்காட்டுப் பெண்ணிடம் போய் அடுத்த படகு எப்போது என்று கேட்டாள். நாளன்றைக்குக் காலையில் எல்லோருக்குமாகத்தான் படகு சொல்லியிருக்கிறது என்று அந்தப் பெண் மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள். உடம்புக்கு ஏதாவது சேச்சி என்று அவள் கேட்டதும் முத்தாத்தாளுக்கு இன்னும் எரிந்தது. உடம்பு, உடம்பு, ஊருக்கெல்லாம் இவள் உடம்பைப் பற்றித்தான் கவலை.

படகுத்துறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு பக்கமும் தண்ணீர். அண்ணன் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போக நினைத்தவள், கடலுக்கு நடுவே திருவிழாவில் தொலைந்துபோனவளைப் போல உட்கார்ந்திருந்தாள். மற்ற டீலர்களின் மனைவிமார் நாலு பேர் முகத்துக்கு மசாஜ் செய்துகொள்ளப் போகிற வழியில், அக்கா நீங்களும் வாங்க என்று கூப்பிட்டார்கள். பெண்களுக்குக் கம்பெனி ஏற்பாடு செய்திருந்த நிகழ்ச்சி அது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

உட்கார்ந்து யோசிக்க யோசிக்க, அந்த மூன்று பஸ் பயணமும் வரிசையாக ஞாபகம் வந்தது. மூன்று முறையும் நடந்தது ஒன்றேதான். அண்ணன் கறி எடுத்து ஆக்கிப் போடுவான். மூன்றாம் நாள் பெரியவர்கள் நாலு பேர் வருவார்கள். குடும்பம் என்றால் இருக்கும், நீதான் அனுசரித்துப் போக வேண்டும் என்பார்கள். அவளைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். எதற்காகக் கோபித்துக்கொண்டு போனாளோ, அது அவள் இல்லாத அந்த மூன்று நாளில் மோகன்குமார் நினைத்தபடியே முடிந்திருக்கும். ஒருமுறை அவளுடைய பங்கு நிலம் அப்படித்தான் போயிற்று. இன்றைக்கும் ஒரு பஸ் இருந்திருந்தால் ஏறித்தான் இருப்பாள். அதை நினைத்ததும் எழுந்துகொண்டாள். மணி பதினொன்று தாண்டியிருந்தது.

ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். மேடையில் எம்.டி. நின்றிருக்க, ஒவ்வொரு டீலராக வந்து அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மேனேஜர் பட்டியலைப் பார்த்து, தாராபுரம் மோகன் பம்ப்ஸ் என்றார். மோகன்குமார் முன்வரிசையில் இருந்து எழுந்து மேடையில் ஏறினார். பின்னால் இருந்து பையோடு முத்தாத்தாளும் ஏறினாள். அவளைப் பார்த்ததும், சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள் என்று அவர் முகம் மலர்ந்தது.

உடம்பு எப்படி இருக்கிறது, ஓய்வு எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று சொன்னார்களே என்று எம்.டி. மரியாதையாகக் கேட்டார். முத்தாத்தாள் பையைக் கீழே வைத்தாள். அதிலிருந்து நாலாவது தாளை எடுத்தாள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தானுங்க இருக்கறேன். இந்தப் பேப்பர்ல எழுதியிருக்கற எதையும் நான் சொல்லலீங்க. ஓனர் நானுங்க. இவரு என்கூட வந்தவருங்க."

நாலாவது தாளை எட்டாக மடித்து மோகன்குமாரின் சட்டைப் பையில் வைத்தாள். எம்.டி. வியாபாரம் தெரிந்த மனிதர். மேனேஜரிடம் விற்பனைத் தாளை வாங்கிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பழைய பெயரிலேயே ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னார். முத்தாத்தாள் நின்றபடியே அதை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை படித்தாள். உங்களுக்குப் பிறகு யார் என்று கேட்ட இடத்தில் ஹர்ஷிணி என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

மோகன்குமாரின் காது மடல் வரை சிவந்திருந்தது. போட்டோவுக்கு நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்றார். இருபத்து நாலு வருஷமாக அவளை வாயடைக்கச் செய்த பேச்சு அது.

"ஊட்டுல பேசறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. இனிக் கடையிலதான் பேசோணும். உங்களை வேலைக்கு வெச்சுக்கறதா வேண்டாமான்னு தாராபுரம் போயிச் சொல்றனுங்க."

முன்வரிசையில் இருந்த டீலர்கள் அத்தனை பேருக்கும் அது கேட்டது. முத்தாத்தாள் பையை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, சாப்பாடு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனாள். காலையில் இருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.