தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்ற விமானி

என் கணவர் வாழ்நாளில் சொன்ன பொய்களை எண்ண ஒரு கையின் விரல்கள் போதும். அதில் ஒன்று மட்டும் சிறகு முளைத்து, மோட்டர் பூட்டிக்கொண்டு எட்டு மாதம் பறந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் அவனுக்கும் மேலே.

அப்போது மலைநாட்டில் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு டீச்சர். இவர் அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன். இவருடைய தம்பி துபாயில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை செய்தான். சமாதானக் காலம் வந்து, கொழும்பு ரோட்டில் செக்பொயின்டுகளில் பஸ்ஸை விட்டு இறங்காமலே போய்வரலாம் என்று ஆன பிறகு, ஊருக்கு வந்த ஒருவரிடம் அவன் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினான். உள்ளே, டிவிப் பெட்டிக்குள் அடைத்து வருமே அந்த வெள்ளை ரெஜிபோமில் செய்த ஒரு விமானம். பழைய உலகப் போர்க்காலத்துச் சண்டை விமானமாம். உடம்பெல்லாம் பச்சையும் மண்ணிறமும், மூக்கில் சுறாப் பல். கூடவே சின்ன மோட்டர், பெட்டரி, ரிமோட்.

"நாட்டுல நடந்த சண்டை போதாதா, வீட்டுக்குள்ளயும் ஒரு சண்டைப் பிளேன் வேணுமா?" என்று கத்தினேன். இவர் காதில் விழவேயில்லை. தோட்டத்து மனேஜர் பெரிய தொரையிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும், பாடசாலை மைதானத்தில் மட்டும் என்று அனுமதி வாங்கி வந்துவிட்டார்.

முதல் ஞாயிறு கையால் வீசினார். ஆகா, போனது பாருங்கள், அம்பு மாதிரி! மைதானத்தைத் தாண்டி, தேயிலைக்கு மேலே நேராகப் போனது. திரும்பி எங்களைப் பார்த்து வரத் தொடங்கியதும் தள்ளாடிக் குப்புற விழுந்தது. விழுந்த இடம் தேயிலை. பச்சை விமானம், பச்சை மலை. பொழுது சாயும் வரை தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் கொழுந்து எடுக்கப் போன ஓர் அக்கா அதைக் கூடையின் மேல் வைத்துக் கொண்டு வந்தார். "டீச்சரம்மா, ஒங்க வீட்டு சுறா மீனு எங்க மலையில மேயுது, கட்டிப் போட மாட்டீங்களா?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் வகுப்புப் பிள்ளைகள் அத்தனையும் எழுந்து நின்றுவிட்டன.

கண்ணுக்குத் தெரிகிற நிறம் வேண்டும் என்று இவர் தொழிற்சாலையில் மிஷினுக்கு அடிக்கிற மஞ்சள் பெயின்டைக் கொண்டு வந்தார். பூசப் பூச, சுடுதேநீரில் விழுந்த சீனி மாதிரி இறக்கை கரைந்தது. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. பிறகு இவர் பெட்டியோடு வந்த மிச்ச ரெஜிபோமில் புது இறக்கை வெட்டி ஒட்டியதும், நானே வகுப்பில் இருந்த தண்ணீர்ச் சாயத்தால் மஞ்சள் பூசிக் கொடுத்தேன். சுறாப் பல்லையும் மறைத்திருப்பேன், இவர் விடவில்லை.

ஞாயிறு மாலை டவுனில் உள்ள கம்யூனிகேஷன் கடைக்குத் தம்பி போன் எடுப்பான். எடுத்ததும் முதல் கேள்வி, "அண்ணே, பறக்குதா?" என்பதுதான். "நாள் பூரா பிளேன் பெட்டிய அடுக்குறதுதாண்ணே என் வேல. ஒன்னு பறந்து ஒரு நாளும் பார்த்ததில்ல" என்றான் ஒரு முறை. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "கழுகு மாதிரி பறக்குதுடா தம்பி!" என்றார்.

அடப்பாவி மனுஷா என்று இடுப்பில் கிள்ளினேன். ஆனால் ரிசீவருக்குள் அந்தப் பையன் சந்தோஷத்தில் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன். பொய்யில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, மறுக்க மாட்டேன்.

பறக்கிறதென்றால் இன்னும் நன்றாகப் பறக்கட்டும் என்று தம்பி பெரிய மோட்டர் அனுப்பினான். இவர் இன்னொரு பொய் சொன்னார். பழைய பெட்டரியில் பாதி பாரமும் இல்லாத லித்தியம் பெட்டரி வந்தது. பிறகு ஒரு புது ரிமோட். ஒவ்வொரு பொய்க்கும் ஒரு சாமான். பூட்டுகிற வேலையில் இவரைக் குறை சொல்ல முடியாது. நம் உயரத்தில் காற்று மெலிசு என்று கணக்குப் போட்டு, முன்னால் சுற்றும் விசிறியைப் பெரிதாக மாற்றினார். ஈயம் பற்ற வைத்தால் நகை மாதிரி இருக்கும். ஆனால் சாமான் கூடக்கூட விமானம் இன்னும் வேகமாகப் போய் இன்னும் பலமாக விழுந்தது, அவ்வளவுதான். கேட்டால் காற்று என்பார், பனி என்பார், யூகலிப்டஸ் மரம் குறுக்கே வந்தது என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒரு ஞாயிறு குடைக்குள் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. எங்களை விட்டுப் போகும் போது விமானத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. எங்களைப் பார்த்து வரும் போதுதான் விழுகிறது. எதிரே வருகிறவரின் வலது நமக்கு இடது அல்லவா? இவர் பதற்றத்தில் தன் வலதுக்கே திருப்புகிறார்.

"இடது! இடது பக்கம் திருப்புங்க!" என்று கத்தினேன். அதற்குள் மூக்கு மண்ணில்.

"இந்தா, பெரிய டீச்சரு! நீயே ஓட்டு!" என்று ரிமோட்டை என் மடியில் போட்டார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஒட்டிக் காய வைத்து, அடுத்த ஞாயிறு நானே ஓட்டினேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை. தினமும் காலையில் பிள்ளைகளை எதிரே நிறுத்தி உடற்பயிற்சி செய்விக்கிறவள் நான். "வலது கை" என்று சொல்லிக்கொண்டே என் இடது கையைத் தூக்குவேன். அப்போதுதான் பார்த்துச் செய்கிற குஞ்சுகளுக்குச் சரியாக வரும். ஏழு வருடமாக அப்படியே செய்து பழகியதால், எதிரே வருவதைத் திருப்ப என் கை யோசிப்பதில்லை. முதலில் நானும் விழுத்தினேன்தான். இரண்டு மாதத்தில் வட்டமடிக்க வந்தது. வெட்டி மட்டமாக்கிய தேயிலைச் செடிகள்மேல் மோட்டரை நிறுத்தி, பாயில் படுக்க வைப்பதுபோல் இறக்கவும் பழகினேன். "டீச்சர், அது கொழுந்து, மெத்த இல்ல" என்று கங்காணி வந்து சண்டை போட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி தீபாவளிக்கு லீவில் வருவதாகப் போன் வந்தது. "அண்ணே, நீங்க ஓட்டுறதப் பார்க்கணும். அதுக்குத்தான் வர்றேன்." இவர் அன்று சோறு சாப்பிடவில்லை.

"தம்பிகிட்ட மட்டும் சொல்லிறாதம்மா. அவன் முன்னால என் மொகம் போயிரும்."

"இந்த எட்டு மாசத்துல ஒரு வாட்டியாவது உண்மைய சொல்லியிருந்தா இப்ப மொகம் போகுமா?" என்று கேட்டேன். பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. கடைசியில் அவர் போட்ட திட்டத்துக்குத் தலையாட்டினேன். மைதானத்துக்குப் பக்கத்து மேட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் பின்னால் நான் புது ரிமோட்டோடு ஒளிந்திருப்பேன். இவர் பெட்டரி இல்லாத பழைய ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நடிப்பார். "முருகா" என்று கத்தி வீசியதும் நான் மோட்டரைப் போட வேண்டும்.

தம்பி வந்தான். மழையும் கூடவே வந்தது. லீவு முழுக்கக் கொட்டியது. அவன் தினமும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தான். கடைசி நாள், ஞாயிறு, பகல் வேனில் எயார்போர்ட் போக வேண்டும். அன்று காலை வெளுத்தது. லயத்து வீடுகளின் சனம் பாதி மைதானத்தில்.

"என்னண்ணே, இது பழைய ரிமோட்டுல்ல?" தம்பி கண்டுபிடித்துவிட்டான். பெட்டி அடுக்குகிறவனுக்குத் தெரியாதா!

"பழகுன கைக்குப் பழசுதான்டா நல்லது" என்று இவர் கூசாமல் சொன்னார். "முருகா!"

பறக்க விட்டேன். என் ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துப் பறக்க விட்டேன். ஒரு வட்டம், ஒரு குட்டிக்கரணம், சனத்தின் தலைக்கு மேலே உரசுகிற மாதிரி ஒரு பாய்ச்சல். கைதட்டல் எல்லாம் இவருக்கு. தம்பி வாயைத் திறந்தபடி, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அண்ணனின் தோளைத் தொட்டான்.

"அண்ணே, ஒரே ஒரு வாட்டி நான் புடிச்சுப் பார்க்கவா?"

இவர் தொட்டிப் பக்கம் திரும்பி முழித்தார். வேறு வழியில்லாமல் கொடுத்தார். தம்பியின் விரல் போகிற பக்கம் பார்த்து நானும் திருப்பினேன். அவன் வலது, நான் வலது. அவன் ஏற்றினான், நான் ஏற்றினேன். "போகுது! நான் சொல்றபடி போகுது!" என்று அவன் கத்தினான். கண்ணில் தண்ணீர் வழிந்ததை மேட்டிலிருந்தே பார்த்தேன். விமானம் திரும்பி அவனைப் பார்த்து வந்தது. அவனும் அண்ணன் மாதிரியே தப்புப் பக்கம் திருப்பினான். நான் சரியான பக்கம் திருப்பிக் காப்பாற்றிவிட்டேன்.

தம்பி கையைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். "நான் வலது திருப்பினேன். அது இடது போச்சே..." என்றான். முகம் அப்படியே வாடியது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நாள் பூரா மூடிய பெட்டியை அடுக்குகிற பிள்ளைக்கு இங்கேயும் வெறும் பெட்டியா? விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கால் தடுக்கத் தடுக்க மேட்டிலிருந்து இறங்கினேன். சனம் விலகியது. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பி, ஒங்க கையில இருக்கிறது வெத்து டப்பா. இவ்வளவு நேரமும் ஓட்டுனது நான்தான். இந்தாங்க, இதுதான் நெசம். புடிங்க!"

"ஓட்டத் தெரியாதுடா எனக்கு" என்றார் இவர். "நீ அங்கயிருந்து கேட்டப்போ, இல்லன்னு சொல்ல வாய் வரல."

தம்பி அண்ணனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விமானம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. "ஒடைஞ்சிரும் அண்ணி" என்றான் மெதுவாக.

"ஒடைஞ்சா ஒட்டிக்கலாம். அதுல ஒங்க அண்ணன் புலி."

வாங்கினான். பிள்ளைகள் ஒரு தேவாரம் பாடி முடிக்கிற நேரம் இருக்குமா, அவ்வளவுதான். கள் குடித்த கோழி மாதிரி ஆடி ஆடிப் போனது. திரும்பியது. எங்களைப் பார்த்து வந்தது. "இடது!" என்று நானும் இவரும் ஒரே குரலில் கத்தினோம். அவன் வலதுக்குத் திருப்பினான். கிளையெல்லாம் கவ்வாத்து வெட்டி முள்ளு முள்ளாய் நின்ற தேயிலை மலையில் போய்ச் சொருகிய சத்தம் மைதானம் வரை கேட்டது.

தம்பி எயார்போர்ட்டுக்கு என்று போட்டிருந்த புதுச் சட்டையோடு மலையில் இறங்கி ஓடினான். சட்டை கிழிந்து, கைக்கொரு பாதியாக விமானத்தின் இரண்டு துண்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான். முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா அண்ணி? நான் திருப்புன பக்கம்தான் போச்சு!"