மூன்றே முக்கால் அங்குல ஆமி லொறி

எங்கள் முதலாளி பொம்மைக் கார் செய்யத் தொடங்கியது, வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன எழுபதுகளில். அதுவரை மாத்தளைப் பட்டறையில் சட்டிகளுக்குக் கைப்பிடி வார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடிக்கு உருக்கியதில் மிஞ்சியதை ஒரு நாள் கார் அச்சில் ஊற்றிப் பார்த்தார். வந்த காருக்குச் சில்லு சுழலவில்லை. ஆனாலும் விற்றது. பிறகு கையால் அழுத்தும் பழைய வார்ப்பு மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்து, துத்தநாகக் கலவையை உருக்கி அச்சுக்குள் அடித்து, சில்லு சுழலும் கார்களையே செய்தார்.

சில வருடங்களில் இறக்குமதி திறந்தது. பிளாஸ்டிக் கார்கள் வந்து குவிந்தன. பட்டறை மூடப்படும் என்று எல்லோரும் சொன்னார்கள். "வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம ஊரு பஸ்ஸச் செய்யத் தெரியுமா?" என்று கேட்டார் முதலாளி. அப்படித்தான் சிவப்பு பஸ்ஸும், தேயிலைக் கொழுந்து லொறியும், கை ட்ராக்டரும் பிறந்தன.

அங்கே நான் அளவெடுப்பவன். அதற்கென்று முதலாளி ஒரு குச்சி செய்து தந்திருந்தார். அறுபத்து நான்கு அங்குல நீளம். ஆனால் அதன் நுனியில் 'ஒன்று' என்றுதான் எழுதியிருக்கும். நிஜ வண்டியின் அறுபத்து நான்கு அங்குலம் எங்கள் வண்டியில் ஒரு அங்குலம். வண்டியில் வைத்துப் பார்த்தால் பொம்மையின் அளவு நேராகக் கிடைத்துவிடும். கொப்பியிலும் அதைத்தான் எழுதுவோம். நிஜ அளவை எங்கள் பட்டறையில் ஒருவரும் எழுதியதே இல்லை.

வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் பிற்பாதியில் கடைக்காரர்கள் ஆமி லொறி கேட்டார்கள்.

"ஆமிப் பக்கம் என்னால போக முடியாது முதலாளி," என்றேன்.

"தூரத்துல நின்னு பாத்து எழுதிட்டு வாப்பா. ஒன்ன யாரு கவனிக்கப் போறா?"

வடக்கே போகும் ஆமி லொறிகள் பலாபத்வலையில் தேநீருக்கு நிற்கும். எதிர்க் கடையில் உட்கார்ந்து, கண் மதிப்பில் கொப்பியை நிரப்பினேன். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் உள்ள இடைவெளி மட்டும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. சிப்பாய்கள் அந்தப் பக்கக் கடைக்குள் இருந்தார்கள். எழுந்து போய்க் குச்சியை லொறியோடு சேர்த்து வைத்தேன். கரப்பான் பூச்சிக்கு ஓடுகிறவன் நான். ஆனால் அளவெடுக்கும் நேரத்தில் மட்டும் பயம் மறந்துபோகும். தொழில் வியாதி.

தோளில் ஒரு கை விழுந்தது. "என்ன செய்யிற?" என்று சிங்களத்தில் கேட்டான் சிப்பாய்.

பயம் வந்தால் என் வாய் என்னைக் கேட்காமல் ஓடும். "லொறிக்குச் சட்டை தைக்கப் போறேன் மாத்தயா," என்றேன். பஸ் கண்டக்டர்கள் எல்லோரும் சிரித்த பகிடி அது. அவன் சிரிக்கவில்லை. அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தான். மிச்சத்தை என் தமிழ்ப் பெயர் பார்த்துக்கொண்டது.

என்னைக் கொண்டுபோன சோதனைச் சாவடியில், மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த அதிகாரி கொப்பியைப் புரட்டினார். "நீளம் மூன்றே முக்கால் அங்குலம்," என்று படித்தார். வெளியே நின்ற லொறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது என்ன ரகசியக் கணக்கு?"

விளக்கினேன். "அப்ப நிஜ நீளம் என்ன?" என்று கேட்டார். அறுபத்து நான்கால் பெருக்க வேண்டும். என் மூளை அந்நேரம் பழைய பஸ் மாதிரி எல்கடுவ மலை ஏறிக்கொண்டிருந்தது. மூன்று தடவை கேட்டார். மூன்று நீளம் சொன்னேன்.

"பின்னேர வண்டியில இவன மேலிடத்துக்கு அனுப்புங்க."

அப்படி ஏற்றிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள், திரும்புவார்களா என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பட்டறைக்கு ஒரு போன் கோல் எடுக்கும்படி கெஞ்சினேன். எடுத்தார்கள். மாரியம்மனுக்குத் தேர் வடம் பிடிப்பதாக நேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு ஆபத்திலும் நான் நேர்வது அதுதான். ஒரு தேரையும் இழுத்ததில்லை. இந்தத் தடவை அவளே பழிவாங்குகிறாள் என்று தோன்றியது.

முதலாளி, பொம்மைகளுக்கு நிறம் பூசும் சிங்கள அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் முதலாளியின் கையிலிருந்த பை நழுவியது. உள்ளிருந்தது தரையில் கடகடவென்று சிதற, சிப்பாய்கள் துவக்கைத் தூக்கியபடி பின்னால் பாய்ந்தார்கள். நான் மேசைக்கடியில் இருந்தேன். ஒரு சிவப்பு பஸ் மட்டும் உருண்டு போய் அதிகாரியின் சப்பாத்தில் முட்டி நின்றது.

முதலாளி குனிந்து பொம்மைகளைப் பொறுக்கினார். பேசியது அக்காதான். "சேர், மேசைக்கடியில கெடக்குறத பாருங்க. பல்லி கத்தினா லீவு கேக்குற ஆளு. இவன வச்சிக்கிட்டு யாரு சண்ட புடிப்பா?"

"உண்மைதான் சேர்," என்றேன் கீழேயிருந்து.

அதிகாரி பஸ்ஸையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். சோதனைக்காக நிறுத்தியிருந்த நிஜ பஸ்ஸில் குச்சியை வைத்து அளந்தார். பிறகு அடிமட்டத்தை வாங்கி எங்கள் பஸ்ஸை அளந்தார். என் உயிர் அப்போதுதான் உண்மையில் போனது. ஏனென்றால் எங்கள் பஸ் அளவுக்குச் சரியில்லை.

"அரை அங்குலம் குறையுது," என்றார். குரலில் கத்தி இருந்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். பட்டறைக்குள்ளேயே புதைத்து வைத்த விஷயம். சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் நான் போவேன். அவர் மானத்தை விட்டுக்கொடுக்க நான் ஒரு கணமும் தயங்கவில்லை.

"ஜன்னல எண்ணிப் பாருங்க சேர். நிஜ பஸ்ஸில ஏழு, எங்கட பஸ்ஸில ஆறு. ஏழு வச்சா அச்சு மெஷினுக்குள்ள போகாது. அதனால ஒண்ண வெட்டிட்டோம்."

அவர் விரலால் தொட்டு எண்ணினார். நிஜ பஸ்ஸில் இருந்தவர்களும் தலையை நீட்டித் தங்கள் ஜன்னல்களை எண்ணினார்கள். ஏழு. ஆறு. அதிகாரி சிரித்துவிட்டார். "இத்தன வருஷமா பிள்ளைங்கள ஏமாத்தியிருக்கீங்க," என்றார். கொப்பியில் லொறி அளவு எழுதிய பக்கங்களைக் கிழித்தெடுத்துக்கொண்டு, ஆமி லொறி செய்யக்கூடாது என்று எச்சரித்து, மூவரையும் விட்டுவிட்டார்.

திரும்பும் வழியில், வேன் மாத்தளையை நெருங்கும்போது முதலாளி கேட்டார். "அளவெல்லாம் ஞாபகம் இருக்காப்பா?"

"ஒண்ணும் இல்ல முதலாளி. பயத்துல எல்லாம் அழிஞ்சிருச்சு."

பட்டறை மூடும் வரை நாங்கள் ஆமி லொறி செய்யவேயில்லை. நான் சொன்னது பொய். இன்றைக்கும் ஒவ்வோர் அளவும் மனப்பாடம். நீளத்தை மேலே உளறிவிட்டேன். மற்றவற்றைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.