தண்டுக்கும் தோளுக்கும் நடுவில்

எங்கள் பெருமாள் கோயிலின் கருட வாகனத்தை நான் முதன்முதலில் அருகில் நின்று பார்த்தது என் இருபத்தெட்டாம் வயதில். அதுவரை தெருவில்தான் பார்த்திருந்தேன். தெருவில் அதன் அளவு தெரிவதில்லை. மேலே குடைகள், பின்னால் கோபுரம், இருபக்கமும் மாடிகளில் ஜனம். எல்லாமே பெரிதாக இருக்கும்போது எதுவும் பெரிதில்லை. வாகன மண்டபத்தில் துணி விலக்கித் தரையில் வைத்திருந்த அன்றுதான் திகைத்துப் போனேன். மண்டியிட்ட கருடனின் முழங்கால் என் மார்புக்கு வந்தது. அதன் கால் பெருவிரல் என் உள்ளங்கை அகலம் இருந்தது. வாகனத்தின் கீழ் செருகும் இரண்டு தண்டுகள் சுவரோரமாகக் கிடந்தன. ஒரு தண்டை இரு உள்ளங்கைகளாலும் சுற்றிப் பிடித்தும் என் விரல்கள் ஒன்றையொன்று தொடவில்லை. அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது.

நான் அங்கே போனது வேடிக்கை பார்க்க அல்ல, அளவெடுக்க. பகலில் எனக்குப் பட்டுச் சங்கத்தில் வேலை. தறியிலிருந்து வரும் புடவைகளை அளந்து, கால் அங்குலம் குறைந்தாலும் குறித்து வைப்பேன். இதனால் எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டிருந்தது. சாமி தூக்குகிறவர்களின் தலைவர் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஒரு தண்டின் கீழ் நிற்கும் எல்லோருடைய தோளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தண்டு வளையாது. குள்ளமாக இருப்பவன் தோளில் அது படாது. அவன் பங்குப் பாரம் முன்னால் நிற்பவனுக்கும் பின்னால் நிற்பவனுக்கும் போய்விடும். ஆகவே உயரத்துக்குத் தக்கபடி தோளில் துண்டை மடித்து வைப்பார்கள். எத்தனை மடிப்பு என்பதைத் தலைவர் அதுவரை கண்ணாலேயே சொல்லிவந்தார். வயதாகி, கண் மங்கியதும் என் நாடாவை நம்பினார். ஒவ்வொரு வைகாசியிலும் திருவிழாவுக்கு ஐந்து நாள் முன்பு எல்லோரையும் ஒரு தூணில் முதுகு சாய்த்து நிற்க வைத்து, தரையிலிருந்து தோள் வரை அளந்து எழுதுவேன். எங்கள் தண்டுக்கு மட்டம் ஐம்பத்தாறு அங்குலம். ஓர் அங்குலம் வரை குறைவானவர்களுக்கு மடிப்பு. அதற்கும் மேல் குறைந்தால் இடம் கிடையாது, ஏனென்றால் கனமான மடிப்பு ஓட்டத்தில் நழுவும். அப்படிப்பட்டவர் தீவட்டி பிடிக்கப் போவார்.

வலப்பக்கத் தண்டில் மூன்றாவது இடம் என் அண்ணனுடையது. அப்பாவுக்குப் பிறகு அவருக்கு வந்தது. அவருக்கு மடிப்பே தேவையில்லை, சரியாக ஐம்பத்தாறு. முதல் வருஷம் அளந்தபோது, பெருமாள் தன்னை நாடா வைத்துத்தான் செய்தார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நெசவாளி. வருஷம் முழுக்கத் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர், அந்த ஒருநாள்தான் முழு ஆளாக நிமிர்ந்து நிற்பதாகச் சொல்வார்.

ஆறாம் வருஷம் அவருக்கு முதுகுவலி வந்தது. முதலில் தறியில் உட்கார்வதால் என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் காசம் என்றார்கள். ஊசி, மாத்திரை. ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அண்ணன் அண்ணியிடமும் என்னிடமும் மட்டும் சொல்லி, வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். வைகாசி வந்தது. அளவெடுக்கும் அன்று தன் முறை வந்ததும் தூணில் போய் நின்றார்.

ஐம்பத்து நாலேகால்.

மறுபடி அளந்தேன். அதே ஐம்பத்து நாலேகால். ஒரு வருஷத்தில் ஒன்றே முக்கால் அங்குலம் மனிதர் உள்ளுக்குள் இறங்கியிருந்தார். முதுகைத் தூணில் ஒட்ட முடியாமல், தோளை மட்டும் அழுத்திக்கொண்டு, நேராக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"எவ்ளோடா?"

"அதேதாண்ணா."

நோட்டில் ஐம்பத்தாறு என்று எழுதினேன். என் கையால் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அளவு அது. அவசரத்தில் எழுதவில்லை, யோசித்தே எழுதினேன். உண்மையை எழுதினால் இடம் போகும். பொய் எழுதினால் இடமும் நிற்கும், தண்டு அவர் தோளில் படாது என்பதால் முதுகுக்கும் ஆபத்தில்லை. அவ்வளவு பெரிய வாகனத்தில், அத்தனை தோள்களில், ஒரு தோளின் பங்கு குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். கணக்கு எல்லாப் பக்கமும் சரியாக வந்தது.

கருட சேவையன்று விடிந்து ஒரு நாழிகைக்குள் வாகனம் கோபுர வாசலைத் தாண்டியது. நான் வலப்பக்கத் தண்டை ஒட்டியே நடந்தேன். குடைகள் ஆடின. ஜனம் கைகூப்பி மேலே பார்த்தது. கீழே தூக்குகிறவர்களை யாரும் பார்க்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் கருடன் தானே மிதந்து வருவதுபோல்தான் இருக்கும். நான் மட்டும் மூன்றாவது இடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கிழக்கிலிருந்து வெயில் சாய்வாக அடித்தது. அண்ணன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில், இரண்டு விரல் அகலத்துக்கு, வெளிச்சம் தெரிந்தது.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. முதல் திருப்பத்துக்குள் தலையைச் சாய்த்துத் தோளை உயர்த்திப் பார்த்தார். பிறகு குதிகாலைத் தூக்கிப் பத்தடி நடந்தார். முடியவில்லை. கடைசியில் இரண்டு கைகளையும் தண்டின் அடியில் கொடுத்து, தாங்குகிறவர்போல் வைத்துக்கொண்டார். அவருக்கு முன்னால் எங்கள் மாமா மகன். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. பின்னால் இருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். இருவரும் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமலிருக்க வழியில்லை.

வழியில் ஒரு மண்டபத்தில் வாகனத்தை இறக்கி, எல்லோரும் நீர்மோர் குடித்தார்கள். மாமா மகன் துண்டைப் பிழிந்துகொண்டே அண்ணனைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா மச்சான், நாங்கல்லாம் தொப்பலா நனைஞ்சிக்கினு வரோம், உனுக்கு மட்டும் வேர்க்கவே இல்ல? பெருமாள் தனியா விசிறினு வராரா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அதில் விஷம் எதுவும் இல்லை. எங்கள் பக்கம் மச்சானை அப்படித்தான் கிண்டல் செய்வார்கள். அண்ணனும் சிரித்தார். கையிலிருந்த மோரைக் குடிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொரு வருஷமும் தூக்கி முடித்து வீட்டுக்கு வந்ததும் அண்ணி வாசலுக்கு வெந்நீரும் காய்ச்சிய நல்லெண்ணெயும் கொண்டுவருவார். அண்ணனின் வலத்தோளில் தண்டு பதிந்த இடம் கன்றிச் சிவந்திருக்கும். அதில் எண்ணெய் தடவி, உப்பு மூட்டை ஒத்தடம் கொடுப்பார். எரிச்சலில் அண்ணன் முணுமுணுத்து வைவதும், அடுத்த வருஷம் போகாமல் வீட்டில் இருங்கள் என்று அண்ணி சொல்வதும் வழக்கம்.

அந்த வருஷமும் எல்லாம் தயாராக இருந்தது. அண்ணன் உட்கார்ந்து துண்டை எடுத்தார். தோள் காலையில் குளித்துவிட்டுப் போனபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அண்ணி ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எண்ணெயைத் தொட்டு, வழக்கமான இடத்தில், வழக்கமான அளவு நேரம் தடவினார். ஒத்தடமும் கொடுத்தார். அண்ணன் வையவில்லை.

அண்ணி உள்ளே போனதும் அவர் கேட்டார்:

"அளந்தது நீதானே?"

ஆமாம் என்றேன். உண்மை அளவையும் சொன்னேன். ஏன் அப்படி எழுதினேன் என்றும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீவட்டி புடிச்சிருப்பேன்டா. அதுல கையாவது சுட்டிருக்கும். இது சும்மா அடியில நடந்துக்கினு வந்தேன், திருடன் மாதிரி. என் பாரத்த அவன் தூக்கினு போறான், நான் பாத்துக்கினு போறேன்."

நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது பாரத்தை மட்டும் என்று நினைத்திருந்தேன்.

மறுவருஷம் அளவெடுக்கும் அன்று அவர் தூணுக்கு வரவில்லை. நேராகத் தலைவரிடம் போய், தன் முதுகைப் பற்றித் தானே சொல்லிவிட்டு, தீவட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாவது இடம் மாமா மகனின் தம்பிக்குப் போனது. அவனுக்கு இரண்டு மடிப்பு.

அந்தக் கருட சேவையில் நான் தண்டோரமாக நடக்கவில்லை. முன்னால், தீவட்டிக்காரர்களோடு நடந்தேன். அண்ணன் ஏறக்குறைய வளைந்தே நடந்தார். என் காதளவுதான் இருந்தார். பின்னால் வந்துகொண்டிருந்த அந்த மாபெரும் உருவத்தின் நிழல் எங்கள் இருவரையும் மூடிக்கொண்டு வந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் தீவட்டியிலிருந்து எண்ணெய் சொட்டியது. கையை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்கு முன் என்னைத்தான் கூப்பிட்டார். வலது கையை நீட்டினார்.

"எழுதிக்கோ," என்றார்.

அவர் அதே வருஷம் ஐப்பசியில் இறந்துபோனார். ஐம்பத்தாறு என்று எழுதிய பக்கத்தை நான் அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. அது இன்னும் கோயில் நோட்டில்தான் இருக்கிறது. என் சொந்த நாட்குறிப்பில், அவருடைய கடைசிக் கருட சேவை நாளுக்கு எதிரே ஒரே வரி இருக்கிறது: அண்ணன், வலது முன்கை, மணிக்கட்டுக்கு மேல், கொப்புளம் ஏழு.