மாத்திரையும் வருஷத் திதியும்

அந்த ஆடி மாதம் சுபத்ராவுக்கு யாரைப் பார்த்தாலும் கோபம் வந்தது. தெருவில் கீரை விற்பவர் ஒலிபெருக்கியில் ஓடவிடும் குரல் மீது வந்தது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறக்கும் கணவர் மீது வந்தது. சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னா சுபா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று கேட்கும் நாத்தனார் அஞ்சம்மாள் மீது வந்தது. காரணம் அவளுக்குத் தெரியும். தெரிந்த காரணத்தை வீட்டில் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல்.

செம்பாக்கத்தில் அவர்களுடையது பழைய குடும்பம். கணவர் சம்பந்தத்தின் தாத்தா காலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது வாடகை வீடுகள் நிற்கின்றன. மெயின் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை. பி.காம். படித்த சுபத்ராதான் கடையின் வரி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரே பிள்ளை பரணி. போன வருஷம் ஆனியில், கல்லூரி விட்டு வரும்போது, வண்டலூருக்குப் பக்கத்தில் லாரி மோதி இறந்துபோனான்.

அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, குளிக்கக்கூட மறந்தாள். தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் ராஜாராமன் மன அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். பிள்ளை போன துயரத்தை அது எடுத்துவிடவில்லை. ஆனால் காலையில் எழுந்து பல் தேய்க்க வைத்தது. கடைக்குப் போக வைத்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. முதல் தடவைக்குப் பிறகு அவள் டாக்டரிடம் போகவில்லை. சம்பந்தமே போய் மாத்திரை வாங்கி வந்தார்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. பொங்கல் வைக்கவில்லை, தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்றவில்லை, வாசலில் கோலம்கூட இல்லை. இந்த ஆனியில் வருஷத் திதி கொடுத்து முடித்தார்கள். உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பியதும் சம்பந்தம் வீட்டை ஒழுங்குபடுத்தினார். பரணியின் படத்தைக் கூடத்திலிருந்து பூஜை அறைக்கு மாற்றினார். பிறகு அலமாரியிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்து, டாக்டர் சீட்டோடு சேர்த்துக் குப்பை வண்டியில் போட்டார்.

"வருஷம் முடிஞ்சிபோச்சு. இன்னும் இன்னாத்துக்கு இதெல்லாம்?"

அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தீபாவளி கொண்டாடாமல் இருந்தது எப்படியோ, அப்படித்தான் இந்த மாத்திரையும் அவருக்கு. துக்கத்துக்கு ஒரு கெடு உண்டு, கெடு முடிந்தால் எல்லாம் முடிந்தது. சுபத்ராவும் சரி என்று தலையாட்டினாள். அதை நினைத்தால் இப்போது தன் மீதே பற்றிக்கொண்டு வந்தது.

நாலைந்து நாளில் ஆரம்பித்தது. கண்ணை இடப்பக்கம் திருப்பினால் தலைக்குள்ளே சுளீரென்று கரண்டு அடித்தது. வோல்டேஜ் குறைந்த டியூப்லைட்டைப் போல மண்டை விட்டுவிட்டு மினுங்கியது. மாடிப்படியில் நின்றால் படி நகர்ந்தது. உடம்பு வியர்த்துக் கொட்டியது. குக்கர் விசில் அடித்தால் அழுகை வந்தது.

"பித்தம்" என்றாள் அஞ்சம்மாள்.

"பிரஷர் பாரு" என்றார் சம்பந்தம்.

"இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதான்" என்றாள் மாடியில் குடியிருக்கும் துர்கா.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆடியில் அம்மன் கோயிலுக்கு முதல் கூழ்ப்பானை இந்தக் குடும்பத்து மூத்த மருமகள் சுமந்து போவதுதான் வழக்கம். போன வருஷம் முடியவில்லை. இந்த வருஷம் விட முடியாது என்று சுபத்ரா கையில் மஞ்சள் காப்பைக் கட்டிவிட்டார்கள். கட்டிய மறுநாள்தான் அவள் போனில் தேடிப் படித்தாள். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் இப்படியெல்லாம் வரும் என்று, அவள் உடம்பைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியதுபோல எழுதியிருந்தது.

உடனே மருந்துக்கடைக்கு ஓடினாள். அங்கே வேலை பார்க்கும் ஜெனிதான் இருந்தாள்.

"அக்கா, சீட்டு இல்லாம இத குடுக்க முடியாதுக்கா. எங்க ஓனர் என்னைத் தொலைச்சிடுவாரு."

கிளினிக்குக்குப் போன் செய்தாள். "நேர்ல வாங்கம்மா. டாக்டர் உங்களப் பாத்தே ஒரு வருஷம் ஆச்சு" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து, "மாத்திரைய நிறுத்தினதாலதான் இப்படி வருது. நான் தாம்பரம் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

அஞ்சம்மாள் டி.வி.யையே அணைத்துவிட்டாள். "காப்பு கட்டிக்கினு எல்ல தாண்டுவியா? பானை தூக்கறவ நீ!"

"எந்த எல்லை அண்ணி? செம்பாக்கமே இப்ப தாம்பரம் கார்ப்பரேஷன்தானே? வரி நான்தான் கட்டறேன்."

"வரி கார்ப்பரேஷனுக்கு. எல்ல அம்மாவோடது. ராஜகீழ்ப்பாக்கம் தாண்டக்கூடாது."

"பக்கத்து வீட்டு முகிலன் காப்போடதானே தினம் சோழிங்கநல்லூர் கம்பெனிக்குப் போறான்?"

"அவன் வேலைக்குப் போறான். ராவுக்கு வூட்டுக்கு வந்துடறான்."

"நானும் வந்துடுவேன், மத்தியானத்துக்கே!"

"நீ சும்மா இருக்கியா?" என்றார் சம்பந்தம். "ஞாயித்துக்கிழமை கூழ் ஊத்திட்டு, நாலு நாள்ல காப்ப அவுத்துட்டா முடிஞ்சிது. ஒரு வருஷம் பொறுத்தவளால இத பொறுக்க முடியாதா?"

தலைக்குள் சுளீர் சுளீரென்று அடிக்கும்போது அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. அறைக்குள் போய் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. கூழ்ப்பானையை இறக்கி வைத்து நிமிர்ந்த நேரத்தில், பூசாரி துலுக்காணத்தின் ஆட்கள் காதுக்குப் பக்கத்திலேயே பம்பையை முழக்கினார்கள். ஒவ்வோர் அடிக்கும் தலைக்குள் ஒரு வெட்டு வெட்டியது. கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். கால் தள்ளாடியது, உடம்பு நடுங்கியது, கண் மேலே செருகியது.

"வந்துட்டா! அம்மா வந்துட்டா!" என்று கூட்டம் கத்தியது. குலவைச் சத்தம் எழுந்தது. யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். பம்பை இன்னும் வேகம் பிடித்தது.

"நிறுத்துங்க" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

துலுக்காணம் வேப்பிலையோடு எதிரே வந்தார். "தாயே, யாரு வந்துகீற? சொல்லு."

"யாரும் இல்லங்க. தலை சுத்துது."

"அம்மா வெளையாடறா" என்று யாரோ சிரித்தார்கள்.

அப்போதுதான் அஞ்சம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். "அம்மா இல்லடா! அந்தக் கண்ணப் பாருங்க! பரணிடா! எம்புள்ள வந்துக்கீறான்!"

கூட்டம் சட்டென்று அடங்கியது. துலுக்காணம் கையைத் தூக்க, பம்பை நின்றது. சம்பந்தம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மஞ்சள் தண்ணீர் தேங்கிய தரையில் அப்படியே மண்டியிட்டார். பிள்ளையைத் தூக்கிப் போன அன்றும் அழாத மனிதர். ஒரு வருஷமாகக் கடையைத் திறந்து மூடியதைத் தவிர ஒரு வார்த்தை அதைப்பற்றிப் பேசாத மனிதர்.

"பரணி... எங்கடா கண்ணு கீற? அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லுடா."

சுபத்ரா அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். 'நல்லா கீறேன்பா' என்று சொன்னால் அந்த மனிதர் இன்றைக்குத் தூங்குவார். சொல்வதற்கு வாய்கூடத் திறந்தது. ஆனால் சொல்லிவிட்டால், இனி அவள் தலை சுற்றும்போதெல்லாம் கற்பூரத் தட்டோடு நிற்பார்கள். மாத்திரையை யாரும் கண்ணில் காட்ட மாட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. பரணி இல்லாத இடத்தில் பரணியின் குரலில் பேசுவது அவளால் முடியாது.

"அவன் வரல" என்றாள்.

"சுபா..."

"வரலங்க. வந்தா எனக்குத் தெரியாதா? பெத்தவ நான். முதல்ல எங்கிட்டதானே வருவான்?" குரல் உடைந்து கத்தலாகிவிட்டது. "சாமியும் வரல, பிள்ளையும் வரல. மாத்திரைய ஒரே நாள்ல நிறுத்தினதால வர்ற தலைசுத்தல் இது! எத்தன நாளா சொல்றேன், ஒருத்தராவது காதுல வாங்கினீங்களா?"

பின்னாலிருந்து ஒரு பெண், "சாமி கோவமா கீது, எலுமிச்சம்பழம் வைங்க" என்றாள். துலுக்காணம் பயபக்தியோடு அவள் உள்ளங்கையில் ஒரு பழத்தை வைத்தார். சுபத்ராவுக்கு அதை எடுத்து எறியலாம்போல இருந்தது. சம்பந்தம் எழுந்து, யாரையும் பார்க்காமல், ஈர வேட்டியோடு வெளியே நடந்தார்.

மறுநாள் காலையில் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காப்பு அவிழ்க்க இன்னும் நாள் இருந்தது. "எல்ல தாண்டினா தெய்வ குத்தம்டி!" என்ற அஞ்சம்மாளின் குரல் தெருமுனை வரைக்கும் துரத்தியது. பஸ் ஸ்டாப்பில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது.

"ஏறு" என்றார் சம்பந்தம். கோயிலிலிருந்து வந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"அண்ணி திட்டுவாங்க."

"ஏறுன்னேன்ல."

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "உங்களுக்கு வந்தது நிஜம்தாம்மா. கற்பனையில்ல. பழைய அளவுலயே மறுபடி ஆரம்பிப்போம். உடம்பு நிலைக்கு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். சில மாசம் ஆகும்."

"மாசக்கணக்கிலயா?"

"அவசரப்பட்டா திரும்பவும் இதேதான் வரும். திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேனே."

"யார்கிட்ட?"

டாக்டர் சம்பந்தத்தைப் பார்த்தார். சம்பந்தம் தன் செருப்பைப் பார்த்தார். "சொன்னாரு. வருஷம் முடிஞ்சா தேவப்படாதுன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வெளியே நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படி இறங்கினாள். கீழே மருந்து வாங்கி, அங்கேயே நின்று தண்ணீரோடு விழுங்கினாள். அது வேலை செய்ய நாளாகும் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணைத் திருப்பியதும் வழக்கம்போல சுளீரென்று அடித்தது.

சம்பந்தம் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். சாவியைப் போட்டார், திருகவில்லை.

"சுபா."

"இன்னும் என்ன?"

"அவன் வரலன்னு... நல்லா தெரியுமா?"

அவளுக்கு மூக்கின் மேல் வந்த கோபம், அவர் முகத்தைப் பார்த்ததும் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"வந்தா உங்ககிட்ட சொல்லாம இருப்பேனா?" என்றாள்.

அவர் தலையை அசைத்தார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா போங்க. வளைவுல எல்லாம் எனக்கு இன்னும் சுத்துது."