எம்பி நஸீறாவின் மிச்சம்

சாய்ந்தமருதில் எலக்சன் கேட்காமலே எம்பி ஆனவள் ஒருத்தி இருக்கிறாள் என்றால் அது நஸீறாதான். பாராளுமன்றத்து எம்பி இல்லை, போன் டேட்டாவை அளக்கிற எம்பி. "ஐயோ, அம்பது எம்பி போயிட்டே, எந்தப் பேய் திண்ட?" என்று நாள் முழுக்க அவள் வாயில் எம்பிதான். ஒழுங்கைப் பிள்ளைகள் சும்மா விடுமா? "எம்பி மாமி" என்று பேரை வைத்துவிட்டன. முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவளுக்கு அது பெருமைதான்.

கொரோனா நேரத்தில் பிடித்த பைத்தியம் அது. மகள் ஆகிலா பாலர் பள்ளி டீச்சர். வீட்டுக்குள் இருந்து போனில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், நடுவில் டேட்டா முடிந்து, திறந்த வாய் திறந்தபடியே நின்றுபோனாள். அன்றைக்கே நஸீறா போனைக் கையில் எடுத்தாள். எங்கே ஓட்டை, எங்கே ஒழுக்கு என்று தட்டித் தட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டாள். டேட்டா அவளுக்குப் பைப் தண்ணி மாதிரி. திறக்க வேண்டும், வேண்டியதை எடுக்க வேண்டும், உடனே பூட்டிவிட வேண்டும். யாராவது பூட்டாமல் போனைக் கீழே வைத்தார்களோ, அன்றைக்கு அந்த வீட்டில் ஒருத்தருக்கும் நிம்மதியாகச் சோறு இறங்காது.

நமக்குத் தெரியாமல் பின்னால் களவாக ஓடுகிறதையெல்லாம் நிறுத்தினாள். யூடியூபில் மார்க்கப் பயான் கேட்டால், மௌலவியின் முகம் தெரிந்தால் என்ன தெரியாவிட்டால் என்ன என்று படத்தை ஆகக் குறைவில் வைத்தாள். வட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தன்பாட்டில் இறங்காமல் மறித்தாள். அதற்குப்பிறகு ஒரு வீடியோ வந்தால் மங்கலாக ஒரு சதுரம் மட்டும் தெரியும்; அதன் மேல் ஒரு அம்பும், இத்தனை எம்பி என்ற எழுத்தும் இருக்கும். அம்பை அமத்தினால்தான் இறங்கும். நஸீறா அமத்தமாட்டாள்.

மாசம் முடிகிற நேரம் டேட்டா மிச்சம் இருக்கும். அதை முன்வீட்டு ஆமினா உம்மாவுக்குக் காட்டாவிட்டால் அவளுக்குப் பத்தியப்படாது.

"மிச்சத்த வெச்சி என்னத்தக் கா செய்யப் போறாய்? நாளைக்கி அது செத்துப் போகுமே," என்பாள் ஆமினா உம்மா.

"கெடக்கட்டும். ஒரு அவசரத்துக்கு ஒதவும்."

புருஷன் மீராசா ஓட்டோ ஓடுகிறவர், வாய் கொஞ்சம் நீளம். "கடுகு போன எடத்த ஆராய்வா, பூசணிக்கா போன எடம் தெரியா," என்று நக்கலடிப்பார். அன்றைக்கு அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், நஸீறாவும்தான்.

நஸீறாவுக்குக் கூடப்பிறந்தது ஒரேயொரு றாத்தா, மூத்தவள் ஸுஹைறா. இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. ஒரு கறி காய்ச்சினால் கோப்பை இங்கும் அங்கும் ஓடும், அப்படி இருந்தவர்கள். ஆகிலாவுக்கு நிந்தவூரில் இருந்து ஒரு சம்மந்தம் வந்தது. பெண்ணைப் பார்த்து, பிடித்து, நாள் குறிக்கிற மட்டில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் உம்மாவுக்குப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தாள் ஸுஹைறா. உட்கார்ந்தவள் சோற்றைத் தின்றுவிட்டு எழும்பியிருக்கக் கூடாதா? கதையோடு கதையாக, "நல்ல புள்ளதான். சின்னதுல வலிப்பு வந்த, இப்ப எப்பிடியோ தெரியா," என்று சொல்லிவிட்டாள்.

மூன்று வயதில் காய்ச்சல் கூடி ஒரேயொரு தரம் வலிப்பு இழுத்தது உண்மை. அதோடு சரி, பிறகு ஒன்றும் இல்லை. ஆனால் நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள ஏலுமா? சம்மந்தம் முறிந்தது. காரணம் ஊர் ஊராக நடந்தது. அதற்குப்பிறகு வந்தவர்கள் எல்லோரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "புள்ளக்கி வருத்தம் என்னமும்..." என்று இழுத்தார்கள். இழுத்தவர்கள் திரும்பி வரவில்லை. ஆகிலாவுக்கு முப்பது தாண்டிவிட்டது.

நஸீறா கேட்டது ஒன்றே ஒன்றுதான். றாத்தா வர வேண்டும், நாலு பேர் முன்னால் "நான் சொன்னது பிழை" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். றாத்தாவோ, "உள்ளதத்தானே சொன்ன," என்று முறுக்கிக்கொண்டாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை. பெருநாளைக்குக்கூட இல்லை.

போன வருஷம் ஸுஹைறாவுக்கு ஹஜ் வாய்த்தது. மகள் ஸம்றாவும் மருமகனும் கூடப் போகிற ஏற்பாடு. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வெளிக்கிடுமுன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். "என்னமும் பிழை செஞ்சிருந்தா பொருந்திக்கங்க," என்று இவர்கள் கேட்க, "பொருந்திட்டன்," என்று அவர்கள் சொல்ல வேண்டும். மனுஷனுக்குச் செய்த பிழையை அந்த மனுஷன் பொருந்தாமல் அல்லாஹ் பொருந்தமாட்டான். அதனால் வெட்டுக்குத்துப் பகை என்றாலும் அந்த ஒரு நாள் படி ஏறித்தான் ஆக வேண்டும்.

நஸீறா காத்திருந்தாள். வீட்டைக் கழுவினாள். வட்டிலப்பம் அவித்தாள். "அவக்கு இல்ல, வாற ஆக்களுக்கு," என்று பச்சைப் பொய் சொன்னாள். நாலு பேர் வேண்டுமே, ஆமினா உம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஆகிலாவுக்கு நல்ல சாரி ஒன்றை எடுத்துக்கொடுத்தாள். அவள் மனதில் அப்போதே பாதி கோபம் இறங்கியிருந்தது. வரட்டும், வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லட்டும், கட்டிப்பிடித்து அழுவோம் என்றுதான் இருந்தாள்.

ஸுஹைறா கடப்படி வரைக்கும் வந்தாள். கேற்றில் கையும் வைத்தாள். கதவில் நின்ற ஆகிலாவைக் கண்டதும் நின்றுவிட்டாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, கிறுகி வந்த வழியே போய்விட்டாள்.

"பாத்தியளா? எல்லார்ர வாசலுக்கும் போனவ, என்ட வாசலுக்கு வந்து கிறுகுறா!" நஸீறா வட்டிலப்பத்தைச் சட்டியோடு தூக்கி ஆமினா உம்மாவிடம் கொடுத்தாள். "கொண்டு போங்க. இந்த வீட்டுல ஒருத்தருக்கும் இது இறங்காது."

அவர்கள் மக்காவுக்குப் போய், ஹஜ் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும். அஸர் தொழுதுவிட்டு நஸீறா டேட்டாவைத் திறந்தாள். வட்ஸ்அப்பில் ஸுஹைறாவின் பேரில் ஒரு வீடியோ வந்து கிடந்தது. தட்டித் திறந்தாள். மங்கல் சதுரம், நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று, அதன் மேல் அம்பு. நாற்பத்தாறு எம்பி.

ஹஜ்ஜுக்குப் போன ஆட்கள் எல்லோரும் அனுப்புவார்கள்தானே, கஃபத்துல்லாவைக் காட்டி, ஸம்ஸம் தண்ணியைக் காட்டி, தங்கியிருக்கிற ஹோட்டலைக்கூடக் காட்டி. நஸீறாவுக்கு உச்சியில் ஏறியது.

"என்ட முகத்தப் பாத்து ஒரு சொல் சொல்ல ஏலாதவ, இப்ப எனக்கு கஃபாவக் காட்டுறா! அதுவும் நாப்பத்தாறு எம்பியில!"

"இறக்கித்தான் பாருங்களன் உம்மா," என்றாள் ஆகிலா.

"என்னத்துக்கு? அவட பெருமயப் பாக்கவா? டேட்டா என்ன மரத்துலயா காய்க்கிது?"

டேட்டாவைப் பூட்டினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

ஹஜ் முடிந்த கையோடு ஸுஹைறா மக்காவிலேயே மௌத்தானாள். காய்ச்சல் என்றார்கள், மூச்சு முட்டியது என்றார்கள். அங்கேயே அடக்கினார்கள். பள்ளிவாசல் ஸ்பீக்கரில் றாத்தாவின் பேரைக் கேட்டதும் நஸீறா அடுப்பில் கிடந்ததை அப்படியே விட்டாள். கூடப்பிறந்த இரத்தம் இல்லையா? றாத்தாவின் வீட்டுக்கு அடித்துக்கொண்டுதான் ஓடினாள். அங்கே பொம்புளைகள் நிறைந்த வீட்டில், வயதான ஒருத்தி நஸீறாவின் கையைப் பிடித்தாள்.

"பொருந்திரு புள்ள. மௌத்தாப் போன ஆளோட என்ன கோபம்?"

"கேட்டாத்தானே பொருந்துற?" நஸீறாவின் குரல் ஏறிவிட்டது. "கேக்காமத்தானே போனா! நான் பொருந்தல்ல. மறுமையில பாத்துக்கிறன்."

ஓதிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது சொன்னதுதான். அதற்குப்பிறகு கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதையே சொன்னாள்: என்ட றாத்தா பொருத்தம் கேட்காமல் போனவள்.

ஸம்றா ஊருக்கு வந்தும் இரண்டு மாசமாகச் சாச்சியின் வீட்டுப் பக்கம் தலை வைக்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் விறுவிறு என்று வந்தாள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"சாச்சி, உம்மா பொருத்தம் கேக்காமப் போனா எண்டு ஊரெல்லாம் கதைக்கிறீங்களாமே?"

"ஓம். கேட்டவவா?"

"மக்கத்துல இருந்து வீடியோ அனுப்பினாவே! உம்மாட போனுல நான்தான் என்ட கையால எடுத்த. ஆகிலாட முகத்தப் பாத்துக் கேக்க வெக்கமாப் போயிட்டு, கடப்படியில இருந்து கிறுகிட்டன் எண்டு சொல்லிச் சொல்லி அழுதா. நான் சொன்ன பிழ, அந்தப் புள்ளக்கி ஒரு வருத்தமும் இல்ல, இத எல்லாருக்கும் அனுப்பு நஸீறா, நிந்தவூராக்களுக்கும் அனுப்பு எண்டு சொன்னா. ஒங்களுக்கு மட்டுந்தான் அனுப்பினா, வேற ஒருத்தருக்கும் இல்ல."

"அந்த நாப்பத்தாறு எம்பியா?" என்றாள் நஸீறா.

"அண்டைக்கே நீலச் சரி ரெண்டும் விழுந்திட்டு. 'நஸீறா பாத்திட்டா புள்ள, இப்ப என்னமும் சொல்லுவா' எண்டு போனக் கையில வெச்சிக்கிட்டே இருந்தா. ஹஜ்ஜுக்கு அரபா மைதானத்துக்குப் போகக்குள்ளயும் பாத்தா, வந்தும் பாத்தா. ஆஸ்பத்திரியிலயும் கேட்டா, நஸீறா என்னமும் அனுப்பினாவா எண்டு. இல்லெண்டு சொன்னன். 'அப்ப அவ பொருந்தல்ல' எண்டா. அதுக்குப் பொறகு கலிமாவத் தவிர வேற ஒண்டும் கதைக்கல்ல சாச்சி."

போனில் எம்பி நஸீறாவுக்குத் தெரியாத பூட்டு இல்லை, தெரியாத திறப்பு இல்லை. அம்பை அமத்தாமல் விட்டாலும், வந்ததைத் திறந்து பார்த்தாலே அந்தப் பக்கம் நீலம் விழும் என்பதை மட்டும் அவள் ஒருநாளும் யோசிக்கவில்லை.

"நான் பாக்கல்ல மனே. அல்லாஹ் மேல ஆணயா நான் பாக்கல்ல. இறக்கவே இல்ல!" நஸீறா தட்டுத்தடுமாறிப் போனைத் தேடினாள். "உம்மாட போனுல இரிக்குமே?"

"அந்தப் போன தம்பி அப்ராஸ் எடுத்திட்டான். எடம் காணா எண்டு எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் எடுத்த."

"என்ட போனுல இரிக்கி. நான் அழிக்கல்ல. இந்தா, இரிக்கி பாரு!"

இருந்தது. மங்கல் சதுரம், நடுவில் வெள்ளை. இப்போது அது கஃபா இல்லை, முந்தானை போட்ட முகம் என்று பார்த்தாலே தெரிந்தது. றாத்தா. நஸீறா டேட்டாவைத் திறந்தாள். முதலில் விரல் தவறி, பிறகு அம்பை அமத்தினாள். வட்டம் சுற்றியது, நின்றது. சின்னதாக ஏதோ எழுத்து வந்தது. திரும்பவும் அமத்தினாள். திரும்பவும் அதே எழுத்து. கண்ணீரில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஸம்றா போனை வாங்கிப் பார்த்தாள். அவள் கோபமெல்லாம் ஒரு நொடியில் வடிந்துபோனது.

"இறக்காம நாள் போனா வீடியோவ வட்ஸ்அப்காரங்க வெச்சிருக்கமாட்டாங்களாம் சாச்சி."

"அப்ப என்ன செய்யட்டாம்?"

ஸம்றா அந்த எழுத்தைத் திரும்ப ஒருக்கா வாசித்தாள். "அனுப்பின ஆளத் திரும்ப அனுப்பச் சொல்லட்டாம்," என்றாள்.

போனை மேசையில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். நஸீறா விடவில்லை. அமத்தினாள், அமத்தினாள், அமத்திக்கொண்டே இருந்தாள். "பொருந்திட்டன் றாத்தா, பொருந்திட்டன்," என்று அந்த மங்கல் சதுரத்தைப் பார்த்துச் சொன்னாள். கதவோரம் நின்ற ஆகிலா எல்லாவற்றையும் கேட்டபடி நின்றாள்.

"மகள், டேட்டா முடிஞ்சிட்டு போல. அதுதான் இறங்குதில்ல. பாருங்களன், முடிஞ்சிட்டா?"

ஆகிலா கிட்ட வந்து போனை எடுத்துப் பார்த்தாள்.

"இல்ல உம்மா," என்றாள். "நிறைய மிச்சம் இரிக்கி."