மரக்காணம் லைன் தேவசகாயம்

தேவசகாயம் இறந்துபோன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் காலைப் பாசஞ்சரின் கார்டு. வண்டி நின்றதும் இறங்கி வந்து, "ஃபிட்டர் தேவசகாயம் போயிட்டாரு சார். விடியக்கால நெஞ்ச புடிச்சிக்கினு உக்காந்தாராம், அவ்வளவுதான்" என்றார். சொல்லிவிட்டுப் பச்சைக் கொடியை விரித்தார். நான் வண்டியை அனுப்பினேன், அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் சாவுச் செய்தி அவருக்குப் போயிருந்தாலும் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்.

விழுப்புரம் என்ஜின் ஷெட்டில் அவரோடு வேலை செய்து, இப்போது இதைப் படிக்கிற உங்களுக்கு அவரை நல்ல ஃபிட்டராகத் தெரியும். ஷெட்டில் அவர் பழுது பார்த்த என்ஜின்களெல்லாம் ரயில்வே கம்பெனியுடையவை. அவருக்கென்று சொந்தமாக ஐந்து என்ஜின்கள் இருந்தன. திண்டிவனத்தில் புறப்பட்டு, பிரம்மதேசம் வழியாக, மரக்காணம் உப்பளம் வரை போகும் லைனில் அவை ஓடின. அப்படி ஒரு லைன் கிடையாது. அது அவர் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாகச் சுற்றிவந்த தகரத் தண்டவாளம். பால் டப்பாதான் பாய்லர், ஷெட்டில் வீசியெறிந்த பித்தளைத் துண்டுகள் சக்கரங்கள், வயிற்றுக்குள் பழைய கிராமபோன் ஸ்பிரிங். சாவி கொடுத்துவிட்டால் கூடத்தை இரண்டு சுற்று வரும். மரக்காணம் ஸ்டேஷன் சமையலறை வாசலில் இருந்ததால் அவர் மனைவி மரியம்மா தினமும் காலையில், "உங்க மரக்காணத்த கொஞ்சம் எடுத்துக்கினு போறீங்களா? நான் பெருக்கணும்" என்பார்.

யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு, விழுப்புரத்தில் வண்டி மாற நான்கு மணி நேரம் காத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் என்னை முதல் தடவை வீட்டுக்கு அழைத்துப் போனார். நான் அப்போது பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். மூன்றாம் நம்பர் என்ஜினின் புகைபோக்கி முன்பக்கம் சாய்ந்திருந்தது. ஈயம் வைக்கும்போது கை நழுவியிருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது, சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து நீளமான ரிஜிஸ்தர் ஒன்றை எடுத்துப் பிரித்து என் மடியில் வைத்தார். மூன்றாம் நம்பர் என்ஜின் ஒரு புயலில் பிரம்மதேசத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதாகவும், பனைமரம் ஒன்று அதன்மேல் விழுந்ததாகவும், நிமிர்த்த ஆள் வந்தபோது டிரைவர், 'இப்போதுதான் நன்றாக இழுக்கிறது, தொடாதே' என்று விரட்டிவிட்டதாகவும் அதில் எழுதியிருந்தது. டிரைவரின் பெயர், ஊர், அவர் விரட்டிய மணி எல்லாம் இருந்தன.

"தப்பத் திருத்தாதீங்க சார்" என்றார். "அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அதக் கண்டுபுடிங்க."

அவருடைய ரயில்வே முழுக்க அப்படித்தான் கட்டப்பட்டது. முதலில் கை தப்பு செய்யும், பிறகு சரித்திரம் வரும். கூடத்தின் நடுத்தூண் குறுக்கே நின்றதால் தண்டவாளம் அதைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருந்தது. ரிஜிஸ்தரில் அந்தத் தூண் ஒரு அய்யனார் தோப்பு. ஊர்க்காரர்கள் ஒரு மரத்தைக்கூட வெட்ட விடவில்லை. சர்வே செய்ய வந்த துரை மூன்று நாள் கத்திப் பார்த்துவிட்டு லைனைத் திருப்பினார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர் நீங்கள், அய்யனாருக்காக லைனை வளைத்தீர்களா என்று சீண்டினேன். "துரை கேக்கலன்னா நான் இன்னா சார் பண்றது?" என்றார். சிரிக்கவில்லை. அந்த லைனைப் பற்றிப் பேசும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவருக்கு இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, ரிஜிஸ்தரில் எழுதியதை அழிக்கக் கூடாது. "சரித்திரம்னு வந்துட்டா ரப்பர் எடுக்கக் கூடாது சார்." இரண்டாவது, எதை எழுதினாலும் தாளின் தலையில் தேதியும் மணியும் போட வேண்டும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால், என்ஜின்களின் சரித்திரத்தை எழுதுகிற வேலை நாளடைவில் எனக்கு வந்து சேர்ந்தது. ஐந்தாம் நம்பருக்கு இடது சக்கரம் ஒன்று அளவில் சிறிது. ஓடும்போது நொண்டும். அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து எழுதிவரச் சொன்னார். நான் என் ஸ்டேஷனில், வண்டி இல்லாத நேரங்களில், உத்தியோக மேசையிலேயே அதை எழுத உட்கார்ந்தேன்.

இனி எழுதப்போவதை இதுவரை நான் எந்தத் தாளிலும் முழுதாக எழுதியதில்லை.

மல்லாட்டை சீசன், மத்தியான நேரம். இரண்டு வேகன்களைப் பக்கத் தண்டவாளமான சைடிங்கில் ஒதுக்கி, வேர்க்கடலை மூட்டை ஏற்ற விட்டிருந்தேன். அப்படி ஒதுக்கும்போது பாயிண்டை மாற்றி, தண்டவாளத்தைச் சைடிங் பக்கம் பிரித்துவிடுவோம். வேலை முடிந்ததும் மறுபடி மெயின் லைனுக்கு மாற்ற வேண்டும். மாற்றுகிறவர் பாயிண்ட்ஸ்மேன் முனுசாமி. மாற்றச் சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்லாமல் அவர் அதில் கை வைக்கக் கூடாது. முனுசாமி வந்து, "மாத்தட்டுங்களா சார்?" என்று கேட்டார். நான் நிமிராமல், "இரு" என்றேன். ஐந்தாம் நம்பர் ஏன் நொண்டுகிறது என்பது அப்போதுதான் பிடிபட்டுக்கொண்டிருந்தது. பிறகு முனுசாமியை மறந்தேன், பாயிண்டையும் மறந்தேன். அடுத்த ஸ்டேஷன் கூட்ஸ் வண்டிக்கு வழி கேட்டபோது கை பழக்கத்தில் கொடுத்தேன். அது நேரே சைடிங்குக்குள் புகுந்து நின்ற வேகன்களை இடித்தது. மூட்டை ஏற்றுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்ததால் உயிர் ஒன்றும் போகவில்லை. ஒரு வேகன் சாய்ந்து, பிளாட்பாரம் முழுக்க மல்லாட்டை கொட்டிக் கிடந்தது.

விசாரணை அந்தப் பிளாட்பாரத்திலேயே நடந்தது. விழுந்த வேகனை நிமிர்த்த விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வந்த ஆட்கள் சுற்றி நின்றார்கள், தேவசகாயமும் இருந்தார். மாற்றச் சொன்னேன் என்று நான் சொன்னேன். பிறகு, தேவசகாயத்தின் வீட்டுக் கூடத்தில் பழகிய கை அல்லவா, காரணமும் சொன்னேன். "அவன் மாட்ட லைனோரமா மேய விட்டிருந்தான். அதப் புடிச்சிக் கட்டப் போயிட்டான்." முனுசாமிக்கு ஒரு மாடு இருந்தது உண்மை. அது லைனோரம் மேய்வதும் எல்லோரும் பார்த்ததே. அதனால் பொய் அதற்குள் நன்றாகப் பொருந்தி உட்கார்ந்தது. முனுசாமி, "இல்லீங்க, சார் இருன்னாருங்க" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் சேரிக்காரர், நான் மேசைக்குப் பின்னால் உட்காருகிறவன். யார் சொல்வது நிற்கும் என்பதில் விசாரிக்க வந்தவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பதினைந்து நாளில் அவருக்கு வேலை போயிற்று. எனக்கு எச்சரிக்கை என்று ஒரு காகிதம் வந்தது.

அடுத்த முறை விழுப்புரம் போனபோது ஐந்தாம் நம்பரின் சரித்திரத்தைத் தேவசகாயத்திடம் கொடுத்தேன். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் தாளின் தலையைப் பார்த்தார். வேகன் சாய்ந்த நாளின் தேதி, அதே மத்தியான மணி. கீழே, 'ஐந்தாம் நம்பர் நொண்டுவதற்குக் காரணம், அதன் முதல் டிரைவர்' என்று ஒரு வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. மற்றதை வேறு மையில், வேறு நாளில் முடித்திருந்தேன். மை மாறிய இடத்தில் விரலை வைத்தார். தாளை மடித்து ரிஜிஸ்தருக்குள் வைத்துவிட்டு, "காபி சாப்பிடுங்க சார்" என்றார்.

அதற்குப் பிந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கூடத்தில் முனுசாமி உட்கார்ந்திருந்தார். விழுப்புரம் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தவரைத் தேவசகாயம் தேடிப் பிடித்து அழைத்துவந்திருக்கிறார். "நம்ம கம்பெனில இவருக்கு வேல போட்டுட்டேன் சார். பிரம்மதேசம் பாயிண்ட்ஸ்மேன்" என்றார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. ஓட முடியவில்லை, ஏனென்றால் பிரம்மதேசம் ஸ்டேஷன் மாஸ்டர் நான். ரிஜிஸ்தரில் என் பெயர் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது. முனுசாமி விரல் நீளத் தகரப் பாயிண்டின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வண்டி தூணைத் தாண்டியதும் என் முகத்தைப் பார்த்து, "மாத்தட்டுங்களா சார்?" என்றார். "மாத்து" என்றேன். அதற்குப் பிறகுதான் தொட்டார்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று கணக்கு வைக்கவில்லை. யுத்தம் வந்தது, தகரம் கிடைக்கவில்லை, நிலக்கரிப் பஞ்சத்தால் மரக்காணம் லைனில் வண்டிகளைப் பாதியாகக் குறைத்திருப்பதாகத் தேவசகாயம் எழுதி வைத்தார். முனுசாமி வருவது மட்டும் குறையவில்லை. ஒரு தடவைகூட நான் சொல்லாமல் அவர் பாயிண்டைத் தொட்டதில்லை. சீண்டுவதற்காக அவர் அப்படிச் செய்யவில்லை. அது அவருக்குத் தெரிந்த வேலை, அதை அவர் ஒழுங்காகச் செய்தார். நான்தான் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்க்காமல் 'மாத்து' என்றேன்.

ரிஜிஸ்தரின் பின்பக்கத்தில் சிப்பந்திகள் பட்டியல் இருந்தது. பெயர், ஊர், சேர்ந்த நாள், முந்தைய வேலையை விட்ட காரணம். எல்லோருக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில் தேவசகாயம் ஏதாவது எழுதியிருந்தார். மாமியார் சண்டை, பாம்புக்கடி, பட்டாளத்தில் சேர ஆசை. முனுசாமிக்கு மட்டும் காலியாக இருந்தது. கவனிக்காதவன்போல் ஒருநாள், "இது விட்டுப்போயிருக்கே" என்றேன்.

"என் ரயில்ல நடக்கறதுக்கு நான் காரணம் எழுதலாம் சார்" என்றார். "இது உங்க ஸ்டேஷன்ல நடந்தது. நீங்கதான் எழுதணும். உங்க கையெழுத்தும் நல்லா இருக்கும்."

"ஆகட்டும், பார்க்கலாம்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வருஷா வருஷம் புத்தாண்டுக்கு ரிஜிஸ்தரைப் பிரித்து, எழுத வேண்டியவற்றையெல்லாம் எழுதி முடித்து, அந்தப் பக்கத்தை என் முன்னால் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருப்பார். பிறகு அவரே மூடுவார். கோபித்துக்கொண்டு என்னோடு பேசாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் காபி கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் மரியம்மாவைப் பார்க்கப் போனேன். என்ஜின்களை உறவுக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போயிருந்தார்கள். தண்டவாளம் மூலையில் அடுக்கிக் கட்டப்பட்டிருந்தது. "இத உங்களாண்ட குடுக்கச் சொல்லிக்கினே இருந்தாருங்க. ஒரு எடம் பாக்கி இருக்குதாமே" என்று ரிஜிஸ்தரை நீட்டினார். தேவசகாயம் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ரயிலடிக்குத் திரும்பி, வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்து, அந்தக் கட்டத்தில் ஒரே வரி எழுதினேன். தேதியும் மணியும் போட்டேன். தனித் தாளில் கம்பெனி ஆபீசுக்கும் அதையே எழுதித் தபாலில் சேர்த்தேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது.

பிறகு முனுசாமியின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும்ங்களே சார். எனக்கு எதுக்குப் படிக்கறீங்க? எம் பொண்டாட்டியாண்ட படிங்க. மாட்டுப் பின்னால போயி வேலைய தொலச்சவன்னு அவதான் இத்தன வருசமா சொல்லிக்கினு கீறா. இல்லன்னு சொல்லிச் சொல்லி நான் உட்டுட்டேன்."

மனைவி அஞ்சலையைக் கூப்பிட்டார். கேப்பை மாவு ஒட்டிய கையோடு வந்து நின்றாள். மறுபடி படித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள். பார்வையைத் திருப்பாமலே என்னைக் கேட்டாள்.

"அன்னிக்கு பிளாட்பாரத்துல அத்தினி பேரு பாத்துக்கினு நின்னாங்களே, அவங்களுக்கு யாருங்க சொல்றது?"

தேவசகாயத்தைப் பற்றி எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது நான் உடனே ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம். அன்று அந்தப் பிளாட்பாரத்தில் நின்றவர்களில் பலர் இதைப் படிக்கிறீர்கள். முனுசாமி மாட்டைக் கட்டப் போகவில்லை. கூட்ஸ் வண்டியின் ஊதல் கேட்கும் வரை, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, என் மேசைக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். நான்தான் அவரை இருக்கச் சொன்னேன்.